ஒரு காலாள் குறைவு

மலாய் அன்பர்கள் ‘சாத்தூர்’ என வழங்கும் சதுரங்கத்தை ஆயர் தாவாரில் நாங்கள் இருவரும் பல்லாண்டுகளாய் ஆடி வருகிறோம். கழக அளவில் ஆடுவோரேயன்றிப் பட்டம் பெற்றோர் அல்லோம். அண்மையில் நாங்கள் ஆடிய ஆட்டமொன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதனை ஈண்டு எழுதக் காரணம், அன்று பலகையருகே நின்றிருந்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். தொடர்ந்து தோற்றமையால், “இனி ஆடேன்” என்று இரண்டு வாரம் காய்களைத் தொடாதிருந்தவன் அவன்.

எங்களுள் வெள்ளை யாருடையது என்பது இங்கே வேண்டா. இறுதியில் எஞ்சியவை மூன்றே காய்கள்: வெள்ளை அரசன், வெள்ளைக் காலாள் ஒன்று, கறுப்பு அரசன். “கறுப்புத் தோற்றது” என்றான் மாணவன். எட்டாம் வரிசையை அடைந்தால் காலாள் அரசியாகிவிடுமே!

மாணவச் செல்வங்களே, பலகை இருப்பின் நீங்களும் வைத்துப் பாருங்கள். காலாள் பலகையின் நடுப்பத்தியில், ஆறாம் வரிசையில். அதன் பின்னே வெள்ளையரசன். அதன் முன்னே, ஏழாம் வரிசையில் கறுப்பரசன். வெள்ளையரசன் பக்கத்தே ஒதுங்கினான். கறுப்பரசன் இடமோ வலமோ விலகாது, நேர்பின்னே ஓரடி சென்றான். அந்த ஓரடியே ஆட்டத்தின் உயிர். விலகியிருப்பின் தோல்வி உறுதி. வெள்ளையரசன் காலாளின் பக்கத்தில் வந்து நின்றதும், ஒரு கட்டம் இடைவிட்டு அவனுக்கு எதிரே நின்றான் கறுப்பரசன். காலாள் முன்னேறித் தாக்கியது. அவன் மீண்டும் அதன் முன்னே வந்தான். இனிக் காலாளைக் காக்க வேண்டுமாயின் வெள்ளையரசன் அதன் பின்னே வந்தே ஆக வேண்டும். வந்தான். கறுப்பரசன்மீது தாக்குதல் இல்லை. அவன் செல்லவும் கட்டம் இல்லை. ஆட்டம் சமன்.

இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் இவ்வாறு முடக்கியவரே தோற்றவராகக் கருதப்பட்டாராம். எங்களுள் வெள்ளை ஆடியவர்க்கு இஃது ஓர் ஆறுதல்!

அரைப் புள்ளி சிறிதன்று. 2023 ஆகஸ்டில் அசர்பைஜான் நாட்டின் பாக்கு நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியில், சென்னையைச் சேர்ந்த 18 வயதுப் பிரக்ஞானந்தா, கார்ல்சனுடன் ஆடிய முதல் இரண்டு ஆட்டங்களையும் சமன் செய்தார். அதன்பின் நடந்த விரைவாட்டத்தில்தான் கார்ல்சனால் வெல்ல முடிந்தது.

மாணவன் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் தேநீர் அருந்தித் திரும்பியபோது, மூன்று காய்களையும் பழைய இடத்தில் வைத்துக் கறுப்பைத் தன் பக்கம் கொண்டிருந்தான். எதிரே ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. “நேர்பின்னே, நேர்பின்னே” என்று அவன் உதடுகள் அசைந்தன. நான்கு முறை ஆடினர், நான்கும் சமன். ஐந்தாம் முறை, கறுப்பைத் தனக்குத் தருமாறு அவள் கேட்டாள்.