நிறுத்தி வைக்கக்கூடிய குரல்

வானொலிப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், துணி போர்த்தியபடி. அதைப் போட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. இப்போது நான் கேட்பதெல்லாம் பாட்காஸ்ட். வலையொலி என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘வானொலியில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது’ என்று போன மாதம் ஒரு நண்பர் கேட்டார். எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் வானொலியோடு எழுந்து பழகியவர். வேண்டிய நேரத்தில் கேட்கலாம், சௌகர்யம் என்று ஏதோ சொன்னேன். பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை, எனக்கும் தரவில்லை. சௌகர்யத்துக்காக ஒருவன் நாற்பது வருஷப் பழக்கத்தை விட்டுவிடுவதில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷங்களாக விழித்திரையில் கோளாறு. பார்க்கிற இடத்தின் நடுப்பகுதி கலங்கிப்போகிறது. வரியின் தொடக்கமும் முடிவும் தெரிகின்றன, நடுவில் இருக்கிற சொல் தெரிவதில்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் அச்செழுத்தோடு போராட முடிவதில்லை. வாசிப்பதைத் தவிர வேறு எந்தப் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளாதவன் நான். எனவே, காதால் கேட்பது வாசிப்பு ஆகுமா என்கிற கேள்வி எனக்கு அழகியல் சர்ச்சை அல்ல. மிச்சமிருக்கும் நாட்களை எப்படிக் கழிப்பது என்பது அது.

இந்த மலையில் வானொலி எப்போதுமே முழுதாகக் கிடைத்ததில்லை. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். என் இளமையில் மத்திய அலையில் சென்னையும் திருச்சியும். 1938இலும் 1939இலும் தொடங்கிய பழைய நிலையங்கள். சிற்றலையில் இலங்கை வானொலி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்கிற பெயர்கள் எங்களுக்கு உறவுக்காரர்களின் பெயர்கள் மாதிரி. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. அதனால் பள்ளத்துக்குள்ளும் இறங்கும், ஆனால் அலை மாதிரியே ஏறி இறங்கும். ஒரு வாக்கியத்தின் எழுவாய் வந்து சேரும், பயனிலை இரைச்சலில் போய்விடும். பிறகு பண்பலை வந்தது. அது நேர்கோட்டில் போவது, மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். என் வீட்டில் சேலத்தைப் பார்த்த முன்னறையில் எடுத்த நிலையம் பின்கட்டில் எடுக்காது. பின்னால் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அதற்கப்பால் நாகலூர்ப் பக்கத்துச் சரிவு.

ஆனால் என் புகார் இரைச்சல் பற்றியது அல்ல. இரைச்சலே இல்லாத வானொலியும் எனக்குப் போதாது என்பதை வேறொரு சந்தர்ப்பத்தில் கற்றுக்கொண்டேன்.

1978இல் ஒரு வானொலி நிலையத்தில் புதுக்கவிதை பற்றிப் பேச அழைத்தார்கள். பத்து நிமிஷம். பேச்சை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினேன். போனபோது அதிகாரி என் தாள்களை எடுத்து வைத்திருந்தார். நான்கு வாக்கியங்கள் பென்ஸிலால் அடிக்கப்பட்டிருந்தன. அரசியல் எதுவும் இல்லை. படிமம் பற்றியும் ஓசை பற்றியும் எழுதிய வாக்கியங்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் நிதானமாகச் சொன்னார்: “கேக்கறவங்க பக்கத்தைத் திருப்பிப் பாக்க முடியாதே சார்.” அன்று அதை ஸ்தாபனத்தின் சாக்கு என்று நினைத்தேன். நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது யோசித்துப் பார்க்கையில், வானொலியைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அந்த ஒரு வாக்கியம்தான் என்று படுகிறது.

வானொலி யாருக்காகவும் காத்திருக்க முடியாது. அடுத்து வேளாண் நிகழ்ச்சி இருக்கிறது, அதற்கடுத்து செய்தி. எனவே தவறவிட்டாலும் நஷ்டமில்லாத விதத்திலேயே அது பேசியாக வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும். கடினமானதைச் சொல்லக் கூடாது. பாட்டை நடுவில் வைக்க வேண்டும். மௌனம் வந்தால் பெட்டி பழுதோ என்று கேட்பவர் எழுந்துவிடுவார், எனவே மௌனமும் கூடாது. அதன் எளிமை ஜனநாயக உணர்விலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஓரளவு வாஸ்தவம். ஆனால் பெரும்பகுதி கடிகாரத்திலிருந்து வந்தது. தி. ஜானகிராமன் போன்றவர்கள் அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தவர்கள். அப்படிப்பட்ட மனிதர்கள் உள்ளே இருந்தும் மாற்ற முடியாதது அந்தக் கடிகாரம்.

பாட்காஸ்ட் என்கிற சொல் 2004இல் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பென் ஹாமர்ஸ்லி ‘கார்டியன்’ கட்டுரை ஒன்றில் போகிற போக்கில் போட்ட பெயர். ஐபாட் என்கிற கருவியின் பெயரில் பாதி, ஒலிபரப்புக்கான ஆங்கிலச் சொல்லில் பாதி. அந்தக் கருவியை ஆப்பிள் நிறுவனம் 2022இல் நிறுத்திவிட்டது, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விஷயம் எளிமையானது. ஒலி ஒரு கோப்பாக வந்து நம்மிடம் தங்குகிறது. ஒண்டிக்கடைக்குப் போகும்போது டீ குடித்துக்கொண்டே ஒரு வாரத்துக்கானதை இறக்கிக்கொள்கிறேன். முக்கால் மணி நேரப் பேச்சு சுமார் 40 எம்.பி. பிறகு சிக்னல் இல்லாத சரிவில் நடந்தாலும் குரல் அறுபடுவதில்லை.

நான் அதிகம் கேட்பவை மூன்று.

ஒன்று, பி.பி.சி.யின் ‘இன் அவர் டைம்’. 1998இல் தொடங்கி 2025 வரை மெல்வின் பிராக் நடத்தியது. ஒரு விஷயம், அதைப் படித்த மூன்று பேராசிரியர்கள், சுமார் 45 நிமிஷம். ஒரு வாரம் ஒரு தத்துவவாதி, இன்னொரு வாரம் ஒரு யுத்தம், மற்றொரு வாரம் ஒரு பூச்சி. ஆயிரத்துக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. பிராக் மரியாதைக்காகச் சிரிப்பதில்லை. பேராசிரியர் சுற்றி வளைத்தால் வெட்டுகிறார்.

இரண்டு, ‘நியூயார்க்கர்’ பத்திரிகையின் புனைகதைப் பாட்காஸ்ட். 2007 முதல் மாதம் ஒன்று. ஓர் எழுத்தாளர் அந்தப் பத்திரிகையில் வெளிவந்த இன்னொருவர் கதையைத் தேர்ந்தெடுத்து வாசிக்கிறார். பிறகு ஆசிரியை டெபோரா ட்ரைஸ்மனோடு அந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறார். கதை ஏன் அந்த இடத்தில் முடிகிறது என்று இரண்டு பேர் அவசரமில்லாமல் யோசிக்கிறார்கள். ‘தெரியவில்லை’ என்று சொல்கிறார்கள். அச்சில் வருகிற விமர்சனத்தில் இந்தச் சொல் அபூர்வம். நம் விமர்சனத்தில் இன்னும் அபூர்வம்.

மூன்று, அமித் வர்மா நடத்தும் ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’. 2017இல் சிறிய நிகழ்ச்சியாகத் தொடங்கியது. பிறகு நீண்டு நீண்டு, ஒரே மனிதரோடு 5 மணி நேரத்தையும் தாண்டுகிற பேச்சாகிவிட்டது. முதல் ஒரு மணி நேரம் விருந்தாளி தயாரித்து வைத்திருந்ததைச் சொல்கிறார். அது தீர்ந்த பிறகுதான் அவர் வாயிலிருந்து அவருக்கே புதிதான வாக்கியம் வருகிறது. பத்து நிமிஷம் ஒதுக்குகிற ஸ்தாபனத்துக்கு இது எந்த நாளும் கிடைக்காது.

முதலாவதைச் சொன்னதும் நண்பர் மடக்கினார்: “அது ரேடியோ நிகழ்ச்சிதானே சார்?” உண்மை. அது ரேடியோவில் ஒலிபரப்பாகி, பிறகு கோப்பாக வருவது. ஆனால் கோப்பாக வந்ததும் அது வேறொன்றாகிவிடுகிறது. ஸ்பினோஸா பற்றிய பதிவை நான் இரண்டு மாலைகளில் கேட்டேன். 45 நிமிஷப் பேச்சு எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நிறுத்தினேன், பின்னால் போனேன், ஒரே விளக்கத்தை நான்கு தடவை கேட்டேன், ஜன்னலுக்கு வெளியே பனி ஏறுவதைப் பார்த்தபடி சும்மா இருந்தேன். இது கேட்பது அல்ல, வாசிப்பதுதான். கண் இருந்தபோது பென்ஸிலோடு நான் செய்ததும் இதேதான். அந்த அதிகாரி சொன்ன பக்கம் திருப்பும் காரியம் இப்போது நடக்கிறது. அவர் அடித்த நான்கு வாக்கியங்களையும் இன்று ஒருவன் பேசலாம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. எல்லோருக்குமாகப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத குரல் இது. மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து, 1968 முதல் 1970 வரை சி. மணி நடத்திய ‘நடை’ எத்தனை பேருக்குப் போயிருக்கும்? அது வாசகனின் தகுதியைக் குறைத்து மதிப்பிடவில்லை, அதுதான் அதன் பலம். நல்ல பாட்காஸ்ட் காதுக்கு வருகிற சிறுபத்திரிகை. தமிழில் இப்படி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கல்கி நாட்டுடைமையானவர் என்பதால் அவரை வாசிக்க யார் அனுமதியும் தேவையில்லை. தீபிகா அருணின் ‘கதை ஓசை’ அவருடைய பெருநாவல்களை முழுசாக வாசித்துத் தந்திருக்கிறது. சுருதி டிவி இலக்கியக் கூட்டங்களைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறது. படத்தை விட்டுவிட்டு நான் பேச்சை மட்டும் கேட்கிறேன். ஆனால் மேடைப் பேச்சு கைதட்டலைப் பார்த்துப் பேசுவது. இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு கவிதையை முன்னால் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசுகிற பதிவு தமிழில் நிறைய வர வேண்டும். தமிழில் வருகிற பலவும் வானொலியையே நகல் செய்கின்றன. பின்னணி இசை, நாடகக் குரல், துக்கமான இடத்தில் புல்லாங்குழல். நிறுத்திக் கேட்கிறவனுக்கு இந்த அலங்காரம் எதுவும் தேவையில்லை என்று இவர்கள் இன்னும் உணரவில்லை.

இழந்தது எதுவும் இல்லையா என்றால், உண்டு. 1984 அக்டோபர் 31 அன்று எஸ்டேட் ஆபீஸ் திண்ணையில் ஒரு ரேடியோவைச் சுற்றி முப்பது பேர் நின்றோம். பிரதமர் சுடப்பட்டது காலையில். நம் வானொலி மரணத்தைச் சொன்னது மாலையில்தான், பி.பி.சி. பல மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது. அரசாங்கத்தின் குரல் என்றால் என்ன என்று அன்று புரிந்தது. ஆனால் முப்பது பேரும் ஒரே கணத்தில் ஒரே வாக்கியத்தைக் கேட்டோம் என்பதும் நடந்தது. பாட்காஸ்டில் அந்தக் கணம் சாத்தியமில்லை. பிறகு, நான் தேடாதவை. காப்பியில் காய்த்துளைப்பான் 1990இல் கூடலூர்ப் பக்கம் காணப்பட்டதை எனக்குச் சொன்னது நான் விரும்பிக் கேட்காத வேளாண் நிகழ்ச்சி. இப்போது போனில் எனக்குப் பிடித்ததைப் போலவே இன்னொன்றைப் போன் நீட்டுகிறது. என் ரசனையே எனக்குச் சுவராகிவிடும் என்கிற பயம் இருக்கிறது. காதில் செருகிக்கொண்டு நடக்கிறவன் எதிரில் வருகிறவருக்கு வணக்கம் சொல்வதும் இல்லை.

போன வாரம் நண்பர் மறுபடி வந்தார். மழை. கரண்ட் இல்லை. காதுக் கருவியைக் கழற்றிவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தேன். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’, யாரோ ஓர் இளைஞர் வாசித்து ஏற்றியிருந்தது. இசை இல்லை, நடிப்பு இல்லை. நண்பர் இந்தக் கதையைப் படித்ததில்லை. பிரமநாயகம் பிள்ளை மனைவியின் உடலருகே தனியாக இருக்கிற இடம் வந்தபோது, “நிறுத்துங்க சார்” என்றார்.

நிறுத்தினேன். அவர் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போட்டேன். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். கால் மணி நேரம் இருக்கும்.

“கொஞ்சம் முன்னால இருந்து போடுங்க. அந்த எடத்தை இன்னொருக்கா கேக்கணும்” என்றார்.

போட்டேன்.