அப்பாவை நாங்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை

இதை எழுதுவது நாங்கள் இரண்டு பேர், அக்காவும் தம்பியும். எங்கட அப்பாவின் குடியைப் பற்றி எழுதலாமோ என்று அவரிடமே கேட்டோம். "பேரைப் போடாதேங்கோ, மிச்சத்தை எழுதுங்கோ" என்றார். ஊரில் அவருடைய குடியைத் தெரியாத ஆட்கள் இல்லை என்பது வேறு கதை.

பின்னேரம் தவறணை, இருட்டினால் சாராயம். போயாவுக்குக் கடை பூட்டு என்றால் முதல் நாளே போத்தல் வீட்டுக்கு வந்துவிடும். நாங்கள் அழுதிருக்கிறோம், கோயிலில் சத்தியம் வாங்கியிருக்கிறோம், ஒருக்கா போத்தலைக் கிணற்றடியில் ஊற்றியும் இருக்கிறோம். போன வருடம் அம்மம்மாவின் திவசம் முடிந்த கையோடு அவராகவே "இனித் தொடமாட்டன்" என்றார். எங்களுக்கு எவ்வளவு சந்தோசம்! இரண்டாம் நாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, இரவு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஏசியது எங்களைத்தான். கனகாலம் நாளாந்தம் குடித்த ஆள் ஒரேயடியாக நிப்பாட்டினால் உயிருக்கே ஆபத்து, வைத்தியரிடம் காட்டி மருந்தோடுதான் நிப்பாட்ட வேண்டும் என்றார். அதுவரைக்கும் இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருந்தால், மிச்சத்தை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

வார்ட்டை விட்டு வரும்போது ஒரு நேர்ஸ் அக்கா துண்டொன்றில் நம்பர் எழுதித் தந்தார். மேலே 'ஏஏ' என்று மட்டும் இருந்தது. அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ். 1935 இல் அமெரிக்காவில், குடியை விட முடியாமல் கிடந்த ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழும்பிய கதையிலிருந்து தொடங்கியது. கட்டணம் இல்லை. குடியை விட விருப்பம் இருந்தால் போதும், சேரலாம்.

நாங்கள்தான் போன் எடுத்தோம். அந்தப் பக்கம் வயதுபோன ஒரு குரல். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "பிள்ளையள், குடிக்கிறது நீங்களோ?" என்றார்.

"இல்லை, அப்பா."

"அப்ப அப்பாவை எடுக்கச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான். எங்களுக்குச் சரியான கோபம். இத்தனை வருடமாக ஓடித்திரிகிறது நாங்கள், அவர் எங்கே எடுக்கப்போகிறார்? துண்டை அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தோம். மருந்து முடிய, அங்கொரு நாள் இங்கொரு நாளாக அவர் பழையபடி தொடங்கியிருந்தார். பத்தொன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபதாம் நாள் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று யாருடனோ மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் ரவுணில், ஒரு சேர்ச் மண்டபத்தில். "வேதத்துக்கு மாத்தப் போறாங்களோ?" என்று அப்பா கேட்டார். அவர்கள் இடத்தை மட்டும்தான் தருகிறார்கள், ஏஏ எந்தச் சமயத்தோடும் சேர்ந்ததில்லை. ஆனால் அவருடைய பயம் அதுவல்ல. பட்டப்பகலில் தவறணை வாசலில் நிற்க வெட்கப்படாத மனிசன், அந்த மண்டபத்துக்குள் போவதை ஒருவரும் காணக்கூடாதென்று ஒழுங்கையை இரண்டு தரம் சுற்றினார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது. குடிக்கிற ஆளை ஊர் எப்போதோ கணக்கில் எடுத்தாயிற்று. விடப்போகிறேன் என்று வெளிக்கிட்டால்தான், எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். நாங்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத் திறந்த கூட்டம், குடும்பத்தவர்களும் இருக்கலாம். பிளாஸ்ரிக் கதிரைகள், பிளாஸ்கில் தேத்தண்ணி. எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் அங்கே இருந்தார். யார் என்று சொல்லமாட்டோம். மகளின் சாமத்தியவீட்டுக்குச் சேர்த்த காசைக் குடித்து முடித்ததை ஒருவர் சொன்னார். ஒருவரும் குறுக்கே கதைக்கவில்லை, புத்தி சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் செய்ததெல்லாம் அந்த இரண்டும்தான். அப்பாவின் முறை வந்தபோது பெயரைச் சொல்லிவிட்டு, "இண்டைக்குக் கேக்கத்தான் வந்தனான்" என்றார். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

மற்றக் கிழமைகளில் மூடிய கூட்டம், குடியை விட நினைக்கிறவர்களுக்கு மட்டும். குடும்பத்தவர்களுக்கென்று 1951 இல் தொடங்கிய அல்-அனொன் இருக்கிறது. எங்களுக்குப் போய்வரக்கூடிய தூரத்தில், தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. பஸ் ஸ்ராண்ட் தேத்தண்ணிக் கடையில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் கதைத்தோம். வீட்டில் கதைக்காத கனக்கக் கதை அங்கேதான் வெளியில் வந்தது. இப்போது அப்பா தனியாகவே போய்வருகிறார்.

தேர்த் திருவிழா அன்று விழுந்தார். இரண்டு நாள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கூட்டத்துக்குப் போய்த் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, தன்னால் பாதிக்கப்பட்டவர்களிடம் போய் அதைச் சரிசெய்வது. அம்மாவிடமும் எங்களிடமும் அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் காத்திருக்கவில்லை என்று சொன்னால் பொய். அவர் இப்போது நாலாவதில் நிற்கிறாராம். தான் செய்ததையெல்லாம் மறைக்காமல் எழுத வேண்டும். தம்பியின் பழைய சீ.ஆர். கொப்பியில் மிஞ்சிக் கிடந்த தாள்களில், இரவில் விறாந்தையில் இருந்து எழுதுகிறார். நாங்கள் திறந்து பார்க்கவில்லை. நேற்று பேனை முடிஞ்சுது என்று தம்பியிடம் இன்னொன்று கேட்டார்.