பொய் மணமும் மெய் மணமும்

குடும்ப கௌரவத்தை முன்னிட்டு நண்பர் இருவர் நிச்சயதார்த்தம் ஆனதாகப் பாவனை செய்யும் ஆங்கிலச் சரித்திரக் காதல் நவீனம் ஒன்றை வாசிக்கையில், என் சித்தம் 1955-இல் எல்.வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’வையே நாடிற்று. தம்பதிகளுக்கே ஆசிரியர் உத்தியோகம் என்ற நிபந்தனையின் நிமித்தம், வேலையற்ற ஒரு கிறிஸ்தவ யுவதியும் ஓர் இந்து வாலிபனும் அதில் சதிபதிகளாக வேஷமிடுகிறார்கள். அவ்வேஷங்களை ஏற்ற சாவித்திரியும் ஜெமினி கணேசனுமோ, 1952-லேயே உலகறியாமல் மெய்யாக விவாகம் செய்துகொண்டவர்கள்! பாத்திரங்கள் இல்லாத பந்தத்தை உண்டென்று சாதிக்க, நடிகர்கள் உள்ள பந்தத்தை மறைத்து வைத்த விசித்திரத்தை எந்த நவீனாசிரியர் கற்பித்துவிட முடியும்? உத்தியோகத்தின் பொருட்டே ஊரைத் துறந்து தில்லிக்கு வந்து, கிட்வாய் நகரின் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த எம்மனோர்க்கு, அந்த ஆங்கில நவீனத்தின் குடும்ப கௌரவத்தைக் காட்டிலும் பட்டதாரியின் பசியே பொய்க்குத் தக்க நியாயமாகத் தோன்றுகிறது.