ஓலைத்தொடுவாயும் ஊர்ச்சங்கங்களும்

மன்னார்த் தீவிலே, எருக்கலம்பிட்டிக்கும் பேசாலைக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்தது ஓலைத்தொடுவாய். பெயரைக் கேட்ட அளவிலே பனையோலையும், கடல்நீர் நிலத்துட் புகும் வாயும் எம் உள்ளத்தில் தோன்றும். அது பெரிய ஊரன்று. ஆயினும், நலிந்த மாவட்டம் ஒன்று மீண்டும் எழுவது எங்ஙனம் என்று ஆராய்வோர் இத்தகைய சிற்றூரிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

இத்தீவு பட்ட துயரம் யாவரும் அறிந்தது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவருட் பலர் புத்தளத்திலே நெடுங்காலம் அகதிகளாய் வாழ்ந்தனர். கத்தோலிக்கரும் சைவருமாகிய பலர் கடல்கடந்து தமிழகம் புக்கனர். 2009 இல் போர் ஓய்ந்தது. 1990 இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகைவண்டி 2015 மார்ச் 14 இல் மீண்டும் ஓடியது. வீதி வந்தது, வீடு வந்தது. ஆனால் வீதியும் வீடும் மாத்திரம் ஊராகிவிடா.

தீவின் நீர்நிலையைச் சிறிது நோக்குவோம். இங்கே மலையில்லை, பேராறும் இல்லை. மாரிமழை மணலினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாதலின் இவ்வாறு நிற்றல் கூடும். தீவார் கிணற்றில் மொள்ளும் நீர் இதுவே. அளவிறந்து இறைப்பினும், மழைநீர் தேங்கும் பள்ளங்களைத் தூர்ப்பினும், மணலை அகழ்ந்து அகற்றினும் இப்படை மெலியும், உவர் மேலெழும். நீர்ப்படை ஊரெல்லை அறியாது. சாதி சமயமும் அறியாது. ஓரூரார் செய்த பிழையை அயலூர்க் கிணறு காட்டிக்கொடுக்கும்.

கடலும் அத்தகையதே. அடித்தளத்தை வாரிச்செல்லும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் ஒரு துறையார் விலக்கியதை மறுதுறையார் தொடர்வராயின் சட்டத்தாற் பயன் யாது?

ஆகவே, கூடிச் செயலாற்றுதல் இங்கே வெறும் நற்பண்பு அன்று. இயற்கை விதித்த கட்டளை. சங்கங்களுக்கோ குறைவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம், கோயிற் சபை, பங்குப் பேரவை, பள்ளிவாசற் பரிபாலன சபை எனப் பல உள. ஒவ்வொன்றும் தன் வாய்க்காலையே வெட்டுமாயின் குளம் நிரம்பாது. புறத்திலிருந்து வரும் பணம் திட்டம் முடிந்ததும் போய்விடும். ஊரிலே நிற்பது ஊர்ச்சங்கமே.

சங்கம் நிலைப்பதன் பயனை எம்மவர் அறிவர். திருக்கேதீச்சரத்தின் சிறப்பை 1872 இல் நாவலர் பெருமான் எடுத்துரைத்தார். 1948 இல் சேர் கந்தையா வைத்தியநாதன் முதலியோர் முயற்சியால் ஆலயத் திருப்பணிச் சபை தோன்றியது. தொடங்கியோர் மறைந்தனர், போர் குறுக்கிட்டது, எனினும் 2022 இல் கருங்கற்றளி குடமுழுக்குக் கண்டது. தனிமனிதன் ஆயுள் சிறிது. சபையின் ஆயுள் நெடிது.

உண்மையை மறைத்தலும் தகாது. அத்திருத்தலத்து வளைவு குறித்து 2019 இல் எழுந்த பிணக்கு சைவரையும் கத்தோலிக்கரையும் மனம் புண்படச் செய்தது. ஆனால் 2025 இல், காற்றாலை விரிவாக்கத்தையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னாரிலே மக்கள் அறப்போர் நிகழ்த்தியபோது, அதே மாவட்டத்துப் பல சமயத்தாரும் ஒருங்கே நின்றனர். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 முதல் சுழல்கின்றன. மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆயினும் தமது மண்ணைப்பற்றி முடிவு செய்யும் அவையிலே தமக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று அம்மக்கள் கேட்பது நியாயமன்றோ?

எதிர்ப்பதற்கு ஒன்றுகூடுதல் எளிது. ஆக்குதற்கு ஒன்றுகூடியிருத்தல் அரிது. ஆரவாரம் அடங்கிய பின்னர், கிணறுகளின் உவர்ப்பை மாதந்தோறும் அளந்து ஒரே ஏட்டிற் பதிபவர் யார்? மழைநீர்ப் பள்ளங்களைக் காப்பவர் யார்? வெட்டிய பனைக்கு ஈடாக விதை ஊன்றுபவர் யார்? கணக்கை எல்லாச் சங்கத்தார் முன்னும் வாசிப்பவர் யார்? இச்சிறு பணிகளிலேதான் கூட்டுறவு உயிர்வாழும். சிறிய சங்கத்தின் சொல்லும் பெரிய சங்கத்தின் சொல்லோடு ஒப்ப மதிக்கப்படுதல் வேண்டும். அன்றேல் அது கூட்டன்று, மேலாட்சியே.

எமது பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், சட்டமறிந்தோர் உளர். விழாவெடுக்கும் இவ்வேளையில், அவர்தம் அறிவு ஊர்ச்சங்கங்களின் வாயிலை நாடிச் செல்வதாக. இன்று விஞ்ஞானகூடத்தில் நீரின் உப்பளவு காணப் பயிலும் மாணவர், நாளை ஓலைத்தொடுவாயின் ஒரு கிணற்றடியில் அதனைச் செய்துகாட்டுவராக. ஊர்கூடி இழுத்தாலன்றித் தேர் நிலைக்கு வாராது என்பதை நாம் மறவாதிருப்போமாக.