இரும்பூரின் இசை

ஹெவி மெட்டல் எனப்படும் மேனாட்டு இசையைப் பேயிரைச்சலென்று ஒதுக்குவோர் நம்மவருள் பலருளர். இரைச்சல்தான், நாமும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்விரைச்சல் எங்கே பிறந்தது என்பதை அறிந்தபின் அதனை இகழ எமக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தில் பர்மிங்காம் ஆலைகள் மலிந்த நகரமாயிருந்தது. அதன் ஆஸ்டன் பகுதியில் தொழிலாளர் குடும்பங்களில் வளர்ந்த வாலிபர் நால்வர் கூடி அமைத்ததே 'பிளாக் சப்பாத்' என்னும் குழு. அவருள் கிதார் வாசித்த டோனி அயோமி, 17 வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளன்றே இயந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவரோ இடக்கையால் மீட்டுபவர். ஆதலின் தந்திகளை அழுத்தவேண்டிய விரல்களே போயின! மனமுடைந்து கிடந்தவரிடம், தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பாரின் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்கச் செய்தார். 1928-இல் நேர்ந்த தீவிபத்தில் இரு விரல்கள் பயனற்றுப்போயும் கிதாரில் புகழெய்தியவர் ரைன்ஹார்ட். அயோமி எழுந்தார், பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர், 1971-இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தட்டில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். ஓசை முன்னினும் கனத்தது.

எம் தந்தையார் தோட்டத்தில் இரப்பர்த் தகடு அழுத்தும் உருளையில் இரு விரல்நுனிகளைப் பறிகொடுத்தவர். அதன்பின் அவர் மத்தளத்தைத் தொட்டதேயில்லை. அவருக்கு இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து கொடுப்பாரும் இல்லை. அயோமியின் கிதாரை நாம் கேட்கும்போதெல்லாம் சுவரில் தூசி படிந்து தொங்கிய அம்மத்தளமே எம் நினைவுக்கு வருகின்றது.

1970 செப்டம்பரில் வெளிவந்த 'பாரனாய்டு' தட்டே எமக்கு மிக உவப்பானது. அதன் முதற்பாட்டு 'வார் பிக்ஸ்', அதாவது போர்ப் பன்றிகள். போரைத் தொடங்குவோர் ஒதுங்கியிருக்க, ஏழைகள் மாளும் அநீதியைச் சாடுவது அது. வியத்நாம் யுத்தம் நடந்த காலமன்றோ! முதலில் தட்டுக்கே அப்பெயரைத்தான் சூட்டவிருந்தனர். 'பாரனாய்டு' பாட்டோ, தட்டில் இடம் மிஞ்சியதென்று சில நிமிடங்களில் ஆக்கி நிரப்பியதாம். 'அயர்ன் மேன்' என்னும் பாட்டின் கிதாரொலி பெரும் ஆலைப்பொறி அசைந்து புறப்படுவதுபோல் நடக்கும். இதனை மெதுவாக வைத்துக் கேட்பதில் பயனில்லை. (அண்டைவீட்டார் எம்மைப் பொறுத்தருள்க.) விமரிசகர் பலர் அந்நாளில் எள்ளி நகையாடினர், தட்டோ இங்கிலாந்தின் விற்பனையில் முதலிடம் பெற்றது. விமரிசகர் தேடிய நயம் வேறு, ஆலையிலிருந்து களைத்து வீடு திரும்பியவன் தேடிய ஒலி வேறு.

2025 ஜூலை 5-ஆம் நாள், அதே ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் பந்தாட்டத் திடலில் நால்வரும் இறுதியாக ஒருங்கு கூடினர். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நோயால் நிற்கமாட்டாராய் ஆசனத்தில் அமர்ந்தே பாடினார். கடைசிப் பாட்டு 'பாரனாய்டு'. அம்மாதம் 22-ஆம் நாள் அவர் காலமானார்.