ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை

பழைய கம்ப்யூட்டர் வாங்குறவங்க வாழ்க்கையில ஒரு சனிக்கிழமை சாயங்காலமும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையும் கண்டிப்பா உண்டு. சனிக்கிழமை கடையில அது ஜம்முனு ஓடும். ஞாயித்துக்கிழமை வீட்டுல ஓடாது.

2007ல் விழுப்புரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக் பையனுக்கு நடந்த கதை இது. கடைசி வருஷம். ப்ராஜெக்ட் முடிக்கணும். பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல உட்கார்ந்து கோட் அடிச்சா கட்டுப்படியாகாது. அப்பா லாரி டிரைவர். தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்குன்னு வச்சிருந்த சீட்டுப் பணத்துல இருந்து 7,500 ரூபாயை எண்ணிக் கொடுத்து, "ஜூன் மாசத்துக்குள்ள இது திரும்பி வந்துடணும்டா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பையன் சென்னை வந்து, ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி, ஒரு பென்டியம் 4 அசெம்பிள்டு சிஸ்டத்தைப் பிடிச்சான். 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 15 இன்ச் பழைய டப்பா மானிட்டர். அவன் போகும்போதே அது ஓடிக்கிட்டு இருந்தது (இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க மக்களே, பின்னாடி தேவைப்படும்). "ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி தம்பி" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டுல தேதி போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். மானிட்டரைப் போர்வையில சுத்தி, பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

மறுநாள் காலையில பட்டனை அமுக்கினா ஃபேன் சுத்துது, முன்னாடி பச்சை லைட் எரியுது, மானிட்டர் மட்டும் கருப்பு. பீப் சத்தமும் இல்லை.

ஸ்டார்ட் ஆகும்போது கம்ப்யூட்டர் தன்னைத்தானே ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கும். ராம் சரியில்லைன்னா ஒரு மாதிரி பீப், டிஸ்ப்ளே கார்டு சரியில்லைன்னா வேற மாதிரி பீப். சத்தமே வரலைன்னா போர்டோ பிராசசரோ போச்சுன்னு முடிவு கட்டுவாங்க. ஆனா அந்த பீப் அடிக்க கேபினெட் உள்ள ஒரு குட்டி ஸ்பீக்கர் வேணும். இதுல அதைக் கழட்டியே வித்திருந்தாங்க! ஊமையாக்கி வச்சுட்டு, பேசலையேன்னு கவலைப்பட்டா எப்படி?

பையன் வரிசையா பார்த்தான். பவர் கேபிளை மாத்தினான். மானிட்டர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினான். ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் ரெண்டையும் கழட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தான். காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழட்டி, பத்து நிமிஷம் கழிச்சு மாட்டினான். கடைசியா நம்ம ஊர் சர்வ ரோக நிவாரணி: ராமைக் கழட்டி, அந்தத் தங்கப் பல் வரிசையை பென்சில் ரப்பரால தேய்ச்சு, துடைச்சு, திரும்ப மாட்டுறது.

வந்துடுச்சு டிஸ்ப்ளே! பஸ் குலுக்கல்ல ராம் லூஸ் ஆகியிருக்கும்னு தெளிவாயிட்டான். ராத்திரி வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

திங்கட்கிழமை காலை மறுபடி கருப்பு. மறுபடி ரப்பர். நாலாவது முயற்சியில வந்தது. செவ்வாயும் அப்படியே. அப்போ ராம்தான் கோளாறுன்னு புதன்கிழமை 700 ரூபாய்க்கு வேற ராம் வாங்கிப் போட்டான். வியாழன் காலை கருப்பு. ரப்பர் தேய்ஞ்சதுதான் மிச்சம்.

ஒவ்வொரு நாளும் கடைசியில வந்துடுச்சே, அதுதான் அவனைக் கவுத்தது. சுத்தமா வராம இருந்திருந்தா முதல் நாளே சென்னைக்குத் தூக்கிட்டுப் போயிருப்பான். ஏழு நாளும் தேய்க்கிறதுலயே போயிடுச்சு. எட்டாம் நாள் கடைக்கு போன் பண்ணினா, "ஓடுறதைப் பார்த்துட்டுத்தானே தம்பி எடுத்துட்டுப் போனே?" என்று கேட்டு வச்சுட்டார். அவர் சொன்னதுல பொய்யும் இல்லை!

அன்னைக்கு அப்பா லோடு இறக்கிட்டு வீட்டுல இருந்தார். மகன் கழட்டி மாட்டுறதை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "காலையில மட்டும்தான் மக்கர் பண்ணுதா? ஒருதடவை எடுத்துட்டா அப்புறம் அணைச்சுப் போட்டாலும் எடுக்குதா?" என்றார். ஆமான்னான். "அப்ப சூடு ஏறினாத்தான் எடுக்குது. நீ தேய்க்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லடா."

அடுத்த நாள் காலையில பையன் எதையும் தொடலை. ஆன் பண்ணி, கருப்புத் திரையோட இருபது நிமிஷம் விட்டுட்டு, ரீசெட்டை மட்டும் அமுக்கினான். வந்துடுச்சு. ரப்பரே இல்லாம!

அப்புறம்தான் டார்ச் அடிச்சு போர்டைக் கவனிச்சான். பிராசசர் பக்கத்துல வரிசையா நிக்கிற கெபாசிட்டர்கள்ல அஞ்சோட தலை உப்பி இருந்தது. ஒண்ணுல காபி கலர்ல கசிவு.

இது அவன் வீட்டு வியாதி மட்டும் இல்லை. 1999லேர்ந்து 2007 வரைக்கும் வந்த ஏராளமான மதர்போர்டுகளுக்கு இந்தச் சாபம் இருந்தது. தைவான்ல தயாரான சில கெபாசிட்டர்கள்ல ஊத்தின திரவத்துல தண்ணி அதிகம், அலுமினியம் அரிக்காம தடுக்கிற சேர்மானம் சரியில்லை. உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி டப்பா உப்பும், தலையில இருக்கிற கீறல் வழியா பிளக்கும். இப்படிக் கெட்டது குளிர்ந்து இருக்கும்போது மின் தடை அதிகமா காட்டும், பிராசசருக்குச் சீரான கரண்ட் கிடைக்காது. சூடாகச் சூடாகத் தடை குறையும், உயிர் வரும். கடையில அவன் போகும்போதே அது ஏன் ஓடிக்கிட்டு இருந்ததுன்னு இப்போ புரியுதா?

பஜார்ல டிவி ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர். கம்ப்யூட்டரைத் திறந்தே பார்த்ததில்லை. ஆனா கெபாசிட்டரைப் பார்த்ததும், "இது டிவியிலயும் உப்புமே!" என்றார். 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட். மைக்ரோஃபாரட் அதேதான் இருக்கணும், வோல்ட் கூட இருந்தா தப்பில்லை, 105 டிகிரி தாங்குறதா இருக்கணும். 10 வோல்ட்ல கிடைச்சது. கழட்டுறதுதான் பெரும்பாடு. மதர்போர்டு பல அடுக்கு, சூட்டையெல்லாம் அதுவே குடிச்சுடும், அவரோட சின்ன அயர்னுக்கு ஈயம் உருகவே இல்லை. 60 வாட் அயர்னை இரவல் வாங்கி, ரெண்டு மணி நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சையும் மாத்தினார். பட்டை காட்டுற பக்கம் மைனஸ்னு பையன் ஒவ்வொண்ணுக்கும் சத்தமா சொல்லிக்கிட்டே நின்னான். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 180 ரூபாய்.

இப்பல்லாம் மதர்போர்டுல திடமான பாலிமர் கெபாசிட்டர்தான் பெரும்பாலும் வருது, இந்த உப்பல் குறைஞ்சுடுச்சு. ஆனா பழசு வாங்கப் போற இடத்துல மெஷின் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்தா, அணைக்கச் சொல்லிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. டீ கூட ரெண்டு குடிக்கலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வீடு முழுக்க முழிச்சுக்கிட்டு நிக்க, பட்டனை அமுக்கினான். மூணு நொடியில எழுத்து வந்தது. பேட்டரியைக் கழட்டிக் கழட்டி மாட்டினதுல தேதி 2002 ஜனவரி 1ன்னு காட்டிச்சு. "இன்னைக்கு என்ன தேதிப்பா?" என்றான். அப்பா காலண்டரைப் பார்த்துச் சொன்னார். ஜூனுக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது.