சித்தப்பாவின் மைக்

மைக்கைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்யதை என்று கேட்டால், அதன் முன்னால் பல தடவை நின்றிருக்கிறேன் என்பதைத் தவிர என்னிடம் பதில் கிடையாது. ஆண்டு விழாக்களில் அது திடீரென்று ஊமையாகிவிட்ட அன்றெல்லாம் என் பேச்சு பிரமாதமாக இருந்ததாகக் கடைசி வரிசைக்காரர்கள் வந்து கை குலுக்கியிருக்கிறார்கள். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். போன வருஷம் புரட்டாசியில் சிதம்பரத்திலிருந்து சித்தப்பா டெலிபோனில் கூப்பிடும் வரையில்.

"கூடலூர்லே நல்ல மைக் கிடைக்குமாடா? பத்தாயிரத்துக்குள்ளே இருக்கணும். கொஞ்சம் சீக்கிரமா வேணும்."

சித்தப்பா வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. தண்டபாணி தேசிகர் இசைத் துறைக்குத் தலைமை வகித்த பல்கலைக்கழகம் உள்ள ஊர் அது. அங்கே ஒருவர் வீணை வாசித்தால் கௌரவம், நாகஸ்வரம் வாசித்தால் பெருமை. சித்தப்பா நாற்பது வருஷமாக வாசித்தது கிட்டார். அதுவும் சினிமாவில் ஆடிக்கொண்டே வாசிக்கிற கம்பிக் கிட்டார் அல்ல; நைலான் நரம்பு பூட்டியது. அந்தக் காலத்தில் இதற்கு ஆட்டுக் குடலிலிருந்து திரித்த நரம்பைத்தான் கட்டினார்களாம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அந்த நரம்பெல்லாம் காயம் தைக்கப் போய்விட்டது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையை எடுத்துப் பூட்டிப் பார்க்க, ஸ்பெயின் தேசத்து மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். சித்தப்பா இதை எனக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

'சீக்கிரமா' என்ற வார்த்தைக்கு அர்த்தம் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. வலது கையில் நடுக்கம் ஆரம்பித்திருந்தது. காபி டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கூடவே, இது போகப் போகக் கூடும் என்றும் சொல்லிவிட்டார். கனடாவில் இருக்கும் மகளுக்கு ஒரு உருப்படியையாவது நன்றாக வாசித்து அனுப்பிவிட வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. டாரெகா என்ற ஸ்பானியரின் 'அலம்ப்ராவின் நினைவுகள்'. கட்டை விரல் கீழே நடை போட, மற்ற மூன்று விரல்களும் ஒரே நரம்பைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வித்தைக்கு டிரெமோலோ என்று பெயர். நடுக்கம் என்றுதான் அர்த்தம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் போய்ப் பாட்டு, கச்சேரி என்று என்னவோ உளறினேன். கடைக்காரர் ஒரு மைக்கை எடுத்துத் தரையில் 'டொக்'கென்று போட்டுக் காட்டி, "பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். பேனாவைத் தவிர எதையும் சோதித்து வாங்கி அறியாத நான் அதிலேயே மயங்கிவிட்டேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

சித்தப்பா வாசித்தார். திருப்பிப் போட்டுக் கேட்டோம். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். அதற்குள் எங்கேயோ ஒரு கிட்டார்.

குற்றம் மைக்கினுடையது அல்ல. அது மேடை மைக்; டைனமிக் என்ற ஜாதி. உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருள் ஒலி பட்டு அசைந்து மின்சாரம் உண்டாக்குகிறது. உதட்டை ஒட்டி வைத்துக்கொண்டு பாடுகிறவருக்கு அது ராஜா. ஒன்றரை அடி தள்ளி நைலான் நரம்பு முணுமுணுத்தால் அதற்குக் கிடைப்பது துளி. பெட்டியின் திருகை முழுக்கத் திருப்பினால்தான் அந்தத் துளி கேட்கும். திருப்பினால் பெட்டியின் சொந்த இரைச்சலும் கூடவே வளரும்.

மெல்லிய வாத்தியங்களுக்கு இது பழைய கஷ்டம். 1925-க்கு முன்னால் மைக்கே இல்லாமல் தகரக் குழல் வாயில் பாடித்தான் இசைத்தட்டு எடுத்தார்கள். தொண்டை உள்ளவர்கள் பிழைத்தார்கள். வீணை தனம்மாள் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் வாசிக்கையில் யாரும் இருமக் கூடக் கூடாதாம்; அவ்வளவு சன்னமான நாதம். அது இசைத்தட்டில் ஏறியது மின்சார மைக் வந்த பிறகு, 1930களில்தான்.

இரண்டு வாரம் தெரிந்தவர்களையெல்லாம் நச்சரித்ததில் கொஞ்சம் அறிவு வந்தது. நமக்கு வேண்டியது கண்டென்ஸர் மைக். மெல்லிய தகடு ஒன்று, அதற்கு 48 வோல்ட் மின்சாரத்தைப் பெட்டியே ஊட்டும். கீழே போட்டால் போனதுதான். ஆனால் காது கூர்மை. விலைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. சும்மா இருக்கையில் மைக் தானாகவே எவ்வளவு இரைகிறது என்பது. வியாபாரிகள் அதை ஒருபோதும் முதலில் சொல்வதில்லை. மலிவில் நல்ல பெயர் வாங்கிய ஆடியோ டெக்னிகா ஏ.டி. 2020-க்கு அது 20 டெசிபல். ஆஸ்திரேலியாவின் ரோட் கம்பெனி செய்யும் என்.டி. 1-ஏ என்பதற்கு 5. டிரம் அடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. சித்தப்பாவுக்கு அதுதான் எல்லாம்.

புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. பாண்டிச்சேரியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் பழையதைப் பட்ஜெட்டுக்குள் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொருகினால் பொரி பொரிவது போலச் சத்தம்! ஏமாந்தோம் என்று வயிற்றைக் கலக்கியது. விசாரித்ததில், கடற்கரை ஊர் ஈரம் தகட்டில் ஏறினால் அப்படித்தான் பொரியுமாம். காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு நாலு நாள் வைத்தேன். பொரிவது நின்றது. கடலூர்க்காரர்கள் யாராவது இந்த மைக் வாங்கினால் டப்பாவையும் சேர்த்து வாங்குங்கள்.

அப்புறம்தான் உண்மையான தொல்லை தொடங்கிற்று. நம் காது தாராளமான காது. ஃபேன் சத்தத்தை, தெருவை, அடுத்த வீட்டு மிக்ஸியை அது மன்னித்துவிடும். கண்டென்ஸர் மைக் எதையும் மன்னிக்காது. ஐப்பசியில் தவளை. மார்கழியில் விடியுமுன்னே ஒலிபெருக்கி. ஆருத்ரா தரிசனக் கூட்டம் வேறு. தை பிறக்கட்டும் என்று தள்ளிப் போட்டோம். அதற்குள் சித்தப்பா இரண்டு தடவை டம்ளரைத் தவற விட்டிருந்தார்.

தை மாதம் ஒரு ராத்திரி, கோயிலில் அர்த்தஜாமப் பூஜை முடிந்து வீதி அடங்கிய பிறகு உட்கார்ந்தோம். இந்த மைக்குக்கு முன்பக்கம்தான் காது, முதுகுப்புறம் மந்தம். ஆகவே அதன் முதுகைத் தெரு ஜன்னலுக்குக் காட்டி வைத்து, சித்தப்பாவை ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்தேன். சிமென்ட் சுவரில் எதிரொலிக்காமல் இருக்க அவருக்குப் பின்னால் கொடி கட்டி, வீட்டிலிருந்த ஜமக்காளம், போர்வை எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். மைக்கைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் பானைக்குள் பேசுவது போல் 'பொம் பொம்' என்றது. கழுத்து உடம்போடு சேருகிற பன்னிரண்டாவது கட்டைக்கு எதிரே, ஒன்றரை அடி தள்ளி வைத்ததும் நரம்பு நரம்பாகக் கேட்டது.

ஃபேனை நிறுத்தியாயிற்று. அடுத்தது ஃபிரிட்ஜ்.

"பால் கெட்டுப் போனா யார் பொறுப்பு?" என்றார் சித்தி. போன தடவை ஒத்திகையின்போது அணைத்த ஃபிரிட்ஜை மறுநாள் மத்தியானம் வரை மறந்துபோயிருந்தோம். இதற்கு ஓர் உபாயம் கேள்விப்பட்டிருந்தேன். என் ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். சாவி எடுக்கத் திறந்தால் விளக்கு எரியாது, ஞாபகம் வந்துவிடும்.

சித்தப்பா ஐந்து தடவை வாசித்தார். ஐந்தாவது எனக்கு நன்றாகவே பட்டது. பக்கத்தில் இருந்து கேட்கையில் தண்ணீர் ஓடுவது மாதிரிதான் இருந்தது. ஹெட்போனை அவர் காதில் மாட்டிப் போட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஹெட்போனை வாங்கி நானும் கேட்டேன். மூன்று விரல்களில் நடு விரல் தாமதமாக வந்துகொண்டிருந்தது. சில இடங்களில் வரவே இல்லை. முதல் மைக்கின் இரைச்சலில் இது ஒளிந்திருந்தது. அறையிலும் எங்கள் காது மன்னித்திருந்தது. ஐந்து டெசிபல் மைக்குக்காக அலைந்து திரிந்தவன் நான்தானே என்று இருந்தது எனக்கு.

"அழிச்சிடட்டுமா சித்தப்பா?"

"வேணாம். இருக்கட்டும்" என்றார். விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "டாரெகாவுக்கும் 1906-லே வலப்பக்கம் வாதம் வந்துதுடா. 1909-லே போயிட்டார்." அதையும் முன்பே சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, அதே ஆசாமியின் 'லாக்ரிமா'வை எடுத்தார். கண்ணீர் என்று அர்த்தம். சின்ன உருப்படி, விரலை ஓட்ட வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரே தடவைதான் வாசித்தார். நடுவில் சித்தியின் வளையல் ஒரு முறை 'கிணிங்' என்றது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டார், சத்தம் வாயிலிருந்து வந்ததைப் போல.

போட்டுக் கேட்டோம். வளையல் தெளிவாகக் கேட்டது.

"அதை வெட்டி எடுக்க முடியுமான்னு பார்க்கட்டுமா?" என்றேன்.

"அவளும் இருக்கட்டும், பாப்பாவுக்குத் தெரியும்" என்றார் சித்தப்பா.

இரண்டையும் அன்று ராத்திரியே கனடாவுக்கு அனுப்பினோம். அங்கே மத்தியானம். மைக்கைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து மூடினேன். மணி ஒன்றரை. புறப்படலாம் என்று சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தபோது, சித்தி ஃபிரிட்ஜைத் திறந்து, சில்லென்று இருந்த சாவியை என் கையில் வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.